சிறுநிலங்கள்: கொலுப் பார்க், போர்மேசை, காவிரி வண்டல் குறித்துச் சில குறிப்புகள்

சுவாமிமலையில் மலை கிடையாது. இருப்பது கட்டுமலை. காவிரி வடிநிலத்தின் தட்டை வயல்வெளியில் மேடு கட்டி, அதன்மேல் கோயிலை ஏற்றி, அறுபது படி வைத்து, மலை என்று பெயரிட்டிருக்கிறார்கள். குறிஞ்சிக் கடவுளுக்குக் குன்று வேண்டும், மருத நிலத்தில் குன்று இல்லை, ஆகவே செய்துகொண்டார்கள். ஆறு படைவீடுகளில் இது நான்காவது. (படைவீடு என்றால் பாசறை. 'ஆற்றுப்படை வீடு' என்பதுதான் மருவி 'ஆறு படைவீடு' ஆயிற்று என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு மருவியதுதான் உபயோகம்.) பக்தி இலக்கியம் பேசுகிறவர்கள் இந்த மேட்டைத் திணை மயக்கம் என்று ஒரு வரியில் கடந்து போவார்கள். பகுத்தறிவு பேசுகிறவர்கள் 'செயற்கை' என்று இன்னும் சின்ன வரியில் கடப்பார்கள். இல்லாத நிலத்தைக் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு கட்டிக்கொள்வதை ஒரு செயலாகப் பார்க்க இரண்டு தரப்புக்கும் பொறுமை இல்லை. அந்தச் செயலுக்கு வரலாறு உண்டு, அந்த வரலாற்றுக்குள் அதிகாரமும் உண்டு என்பதே இங்கே என் கவலை.

எடுத்துக்கொள்வது மிகச் சின்ன நிலங்களை. ஒன்று, நவராத்திரிக் கொலுப் படிகளுக்கு அடியில் தரையில் போடும் 'பார்க்'. ஆற்று மணல், செங்கல் தூள், குளத்துக்கு ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி, காக்கித் தாளைக் கசக்கிச் செய்த மலை, தீப்பெட்டி வீடு. இன்னொன்று, ஐரோப்பிய நகரங்களில் இருநூறு வருஷத்துக்கு மேலாக ஆடப்பட்டுவரும் மேசைப் போர் விளையாட்டுக்கான நிலம். ஒரு மேசை, அதன்மேல் குன்று, ஆறு, காடு, கிராமம் எல்லாம் சிறு அளவில், அவற்றுக்கிடையே விரல்நுனி அளவு சிப்பாய்கள், பகடை உருட்டி, அளவுகோல் வைத்து நகர்த்துவார்கள். அந்த நிலத்தைக் கடையில் வாங்காமல் உடைந்த பொம்மை, கடிகாரச் சக்கரம், மாத்திரை அட்டை, பற்பசை மூடி என்று மிச்சம் மீதியில் ஒட்டிச் செய்வது அந்த ஆட்டக்காரர்களிடையே தனி மரியாதை உள்ள கைவேலை. வெள்ளைக்காரன் அதை 'ஸ்க்ராட்ச் பில்ட்' என்கிறான். நம் வீட்டில் அதற்குப் பெயரே கிடையாது. 'வேண்டாததையெல்லாம் எடுத்து வை, பார்க்குக்கு ஆகும்' என்பதோடு சரி.

நான் இரண்டையும் செய்கிறவன். இது தெரிந்த தோழர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு குற்றம் சாட்டுவார்கள். கொலு பார்ப்பனியச் சடங்கு, போர் விளையாட்டு ஏகாதிபத்திய மனோபாவம், இரண்டையும் சேர்த்துச் செய்கிறவனை என்ன சொல்வது என்று. இரண்டு குற்றச்சாட்டிலும் உண்மை இருக்கிறது. உண்மை இருப்பதால்தான் இதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

*

சிறுநிலம் முதலில் அரசனுடைய பொருள். பிரான்சின் பதினான்காம் லூயி 1668 முதல் தன் கோட்டை நகரங்களை 1க்கு 600 என்ற அளவில் மாதிரிகளாகச் செய்யவைத்தான். மரம், காகிதம், மணல், பட்டு நூல். பிறர் கண்ணில் படாமல் வைத்திருந்தார்கள். ஏனென்றால் அந்த மாதிரியைப் பார்த்தவனுக்கு அந்த நகரத்தை எங்கே உடைக்கலாம் என்று தெரிந்துவிடும். 1815இல் நெப்போலியன் வீழ்ந்தபோது பிரஷ்யர்கள் அவற்றில் சிலவற்றைப் பெர்லினுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பதிலிருந்தே அது பொம்மை இல்லை என்பது விளங்கும். மேலிருந்து குனிந்து பார்ப்பவன் ஒருவன், கீழே அவன் பார்வைக்குத் திறந்து கிடக்கும் ஊர். ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

1780இல் பிரவுன்ஷ்வைக் நகரத்துக் கணித ஆசிரியர் ஹெல்விக், சதுரங்கத்தைப் போராக மாற்றி ஒரு புத்தகம் போட்டார். அவருடைய பலகை நிறையக் கட்டங்கள். நீருக்கு நீலம், சதுப்புக்குப் பச்சை, மலைக்குச் சிவப்பு. சதுரங்கத்தில் நிலமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாக் கட்டமும் ஒன்றுதான். நம் கோயில் மண்டபத் தரைகளில் கீறி வைத்திருக்கும் ஆடுபுலி ஆட்டத்திலாவது கோடுகள் ஒரு குன்றுபோலக் கூம்பும். அதுவும் நிலம் இல்லை. ஹெல்விக்கிடம்தான் பலகைக்கு நிலம் வருகிறது, அதுவும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு குணமாக. 1812இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு பிரஷ்ய அரசனுக்கு ஒரு மேசை செய்துகொடுத்தார். ஈர மணலில் நிலம் பிடித்துப் பார்த்தவர் அவர். அரசன் கை வைக்க மணல் தகாது என்று பட்டபிறகு மேடு பள்ளம் பதித்த ஓடுகளாகச் செய்து பெட்டியில் அடுக்கினார். ஓடுகளை மாற்றி மாற்றி வைத்தால் வேறு வேறு நாடு கிடைக்கும். அவர் மகன் 1824இல் அந்த ஓடுகளையும் விட்டுவிட்டு 1க்கு 8000 அளவுள்ள இராணுவ வரைபடத்தின்மேல் ஆட்டத்தை நடத்த, தளபதிகள் மகிழ்ந்துபோய்ப் படைகளில் எல்லாம் பரப்பினார்கள். மகன் 1827இல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்தார். ஆட்டம் பிழைத்தது. மணல் மாதிரி என்ற பெயரில் இந்திய இராணுவம் உட்பட எல்லாப் படைகளும் இன்றைக்கும் தாக்குதலுக்கு முன் மண்ணில் நிலத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பேசுகின்றன. ரைஸ்விட்ஸ் அரசனுக்கு ஆகாது என்று ஒதுக்கிய அதே மணல்.

மிச்சத்தில் செய்யும் நிலம் வீட்டுக்குள் வந்தது எச்.ஜி. வெல்ஸ் வழியாக. 1911இல் 'ஃப்ளோர் கேம்ஸ்', 1913இல் 'லிட்டில் வார்ஸ்'. தோட்டத்துக் குச்சியை ஒடித்துப் பலகையில் குத்தி மரம், அட்டையில் வீடு, தரையில் ஈயச் சிப்பாய்கள், ஸ்பிரிங் பீரங்கி. சோஷலிஸ்ட், உண்மைப் போருக்கு மாற்றாக இது இருக்கட்டும் என்று நினைத்த மனிதர், அடுத்த வருஷமே உண்மைப் போர் வந்தது. புத்தகத்தின் தலைப்பிலேயே இது பையன்களுக்கு என்றும், பையன்கள் புத்தகத்தை விரும்பும் புத்திசாலிப் பெண்களுக்கும் ஆகும் என்றும் போட்டுக்கொண்டார். அந்த 'ஆகும்' இன்றைக்கும் இந்த ஆட்டத்தை விட்டுப் போகவில்லை. நம் பக்கம் அதே கைவேலையைப் பெண்களும் குழந்தைகளும் செய்கிறார்கள். அதற்குப் பெயர் கலை என்றோ வரலாறு என்றோ இல்லை, 'பண்டிகை வேலை'.

பிறகு சந்தை. 1987இல் வந்த 'வார்ஹாமர் 40,000' என்ற எதிர்காலப் போர் ஆட்டத்தின் ஆரம்ப நாட்களில் அதை விற்ற நிறுவனத்தின் பத்திரிகையே, அக்குளுக்குப் பூசும் வாசனைக்கட்டி டப்பாவில் பறக்கும் டாங்கி செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்தது. அதே நிறுவனம் பிற்பாடு பிளாஸ்டிக்கில் வார்த்த இடிபாடுகளைப் பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தது. இடிந்த கட்டடத்தையே புதிதாக விற்கலாம் என்பது முதலாளியத்தின் நகைச்சுவை உணர்வு. வியட்நாம் போரை ஆடுகிறவர்களுக்கு நெல்வயல்கூட வார்த்து விற்கிறார்கள். அதற்கு முந்தைய தலைமுறை ஆங்கில ஆட்டக்காரன் கோதுமை வயலுக்கு என்ன செய்தான் தெரியுமா? தென்னைநார் மிதியடியை வெட்டி வைத்தான். நம் கடற்கரைப் பெண்கள் மட்டை ஊறவைத்து, அடித்து, திரித்த கயிறு வாட்டர்லூவில் கதிராக நின்றது. இந்தப் பயணத்தை யாரும் எழுதவில்லை. எழுதினால் அது கால்மிதியின் வரலாறாக இருக்கும்.

*

இங்கே லெவி-ஸ்ட்ராஸை இழுக்காமல் இருக்க முடியாது. 1982இல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வந்த காலத்திலிருந்து நம் சிறுபத்திரிகைகளில் அவர் பெயர் புழங்கிவருகிறது. 1962இல் அவர் எழுதிய காட்டுச் சிந்தனை பற்றிய நூலின் முதல் அத்தியாயத்தில் பிரிக்கோலர் வருகிறான்: திட்டத்துக்கு ஏற்பப் பொருள் தேடாமல், கையிலிருக்கும் பழைய பொருள்களோடு பேசிப் பேசி வேலையை முடிக்கிறவன். இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் எடுத்தாள்கிறோம். அதே அத்தியாயத்தில் சிற்றுருவைப் பற்றியும் அவர் பேசுகிறார் என்பது பெரும்பாலும் விட்டுப்போகிறது. பெரிய பொருளை நாம் பகுதி பகுதியாக அறிகிறோம். சிற்றுருவில் முழுமை முதலில் கிடைத்துவிடுகிறது, பகுதி பிறகுதான். அந்த முழுமை தரும் சுகமே சிற்றுருவின் வசீகரம் என்பது அவர் வாதம். தெரிதா 1966 உரையில் பொறியாளன் என்று தனியாக எவனும் இல்லை, எல்லோரும் பிரிக்கோலர்தான் என்று அந்த எதிர்மையைக் கலைத்தார்.

எனக்கு இரண்டு பேரிடமும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கையிலிருக்கும் பழைய பொருள் யார் கையில் இருக்கிறது? மிச்சம் என்பதே ஒரு வர்க்க நிலை. உடைந்த டார்ச்சையும் தீர்ந்த ரீஃபிலையும் மூன்று வருஷம் போட்டுவைக்கப் பரண் வேண்டும். ஒன்பது நாள் யாரும் மிதிக்காமல் விட்டுவைக்க ஒரு கூடம் வேண்டும். எங்கள் ஊர்ச் சிலைப் பட்டறைகளில் மிச்சம் என்ற பேச்சே இல்லை. மெழுகில் உரு பிடித்து, காவிரி வண்டலை மேலே பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் ஊற்றுகிறார்கள். மண்ணை உடைத்தால் சிலையோடு சேர்ந்து வாய்க்கால்போல ஓடிய உலோகக் கம்பிகளும் வரும். அவற்றை வெட்டி எடுத்து எடை போடுவார்கள். திரும்ப உருக்கப் போய்விடும். அராவுத் தூளைக்கூடப் பெருக்கி அள்ளுவார்கள். பார்க்குக்கு ஆகும் என்று ஒரு துண்டு கேட்டபோது பட்டறைக்காரர் சொன்னார்: "இது குப்பை இல்லீங்க தம்பி. இது அடுத்த சாமியோட கால்."

அந்தப் பட்டறையில் அளவுக்கு வைத்திருக்கும் கருவியும் நம் விஷயத்துக்கு வேண்டியது. தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துத் தாளம் குறிக்கிறார்கள். ஒடியோலை என்று பெயர். அதில் அங்குலமும் இல்லை, சென்டிமீட்டரும் இல்லை. முகம் இத்தனை பங்கு என்றால் மார்பு இத்தனை பங்கு, அவ்வளவுதான். அளவு வெளியிலிருந்து வராமல் அந்த உருவத்துக்குள்ளிருந்தே வருகிறது. போர்மேசை ஆட்டக்காரனின் அளவோ வெளியே தொழிற்சாலையில் தீர்மானமாகிவிட்டது: 28 மில்லிமீட்டர், அல்லது 1க்கு 72. சிப்பாய் பெட்டியில் வந்துவிட்டான். நிலம் இனி அவனுக்கு ஏற்ப வளைய வேண்டும். இது எவ்வளவு பெரிய பொய்யில் போய் முடிகிறது என்பதை எங்கள் பக்கத்துச் சண்டை ஒன்றைக் கட்டிப் பார்த்தால் தெரியும்.

*

1782 பிப்ரவரி 16 முதல் 18 வரை கும்பகோணம் வட்டாரத்தில், கொள்ளிடத்தை ஒட்டிய அன்னகுடியில் நடந்த சண்டை. இரண்டாம் மைசூர்ப் போர். கர்னல் பிரெய்த்வெய்ட்டின் கம்பெனிப் படை ஏறத்தாழ இரண்டாயிரம் பேர், பெரும்பாலும் சிப்பாய்கள். எதிரே திப்பு, வில்க்ஸ் முதலான ஆங்கில எழுத்தாளர்கள் கணக்கில் பத்தாயிரம் குதிரை, பத்தாயிரம் காலாள், லாலி என்பவனின் கீழ் பிரெஞ்சுக்காரர்கள் நானூறு பேர். ஆறுகள் தன்னைக் காக்கும் என்று பிரெய்த்வெய்ட் நம்பித் திறந்த வெளியில் முகாம் போட்டிருந்தான் என்று எழுதுகிறார்கள். சுற்றிவளைக்கப்பட்டு, சதுரமாக நின்று சுட்டு, கடைசியில் சரணடைந்தான். பிடிபட்டவர்கள் மைசூர் ராஜ்யத்துக்குப் போனார்கள். முந்தைய வருஷம் தொடங்கி இந்த வடிநிலம் பட்ட அழிவை 'ஐதர் காலம்' என்று பின்னால் ஜனங்கள் பேசினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு முடியும்வரை சோழநாடு அதிலிருந்து சரியாக எழவில்லை. ஹெல்விக் தன் கட்டங்களை அச்சிட்டு இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

இதை ஆறடிக்கு நாலடி பிளைவுட்டில் கட்ட வேண்டும். 1க்கு 72 அளவில் ஒரு மா நிலம் (வேலியில் இருபதில் ஒரு பங்கு, ஏறத்தாழ 33 சென்ட்) என்பது பக்கத்துக்கு இருபது அங்குலம் வரும். ஆக முழு மேசையும் எட்டரை மா. அரை வேலிகூட இல்லை. இருபதாயிரம் பேர் அரை வேலியில் சண்டை போட முடியாது. ஆட்ட விதி இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறது: உருவத்துக்கு ஓர் அளவு, தூரத்துக்கு வேறு அளவு. ஒரு குதிரைவீரன் ஐம்பது குதிரைவீரனுக்குச் சமம். ஒரு மரம் ஒரு தோப்பு. ஒரு கூரை வீடு ஒரு சேரி. நிலம் இப்படிச் சுருங்கும்போது முதலில் காணாமல் போவது வரப்பு, அடுத்து வாய்க்கால், அடுத்து கண்ணி, மதகு. கடைசியில் கிடைப்பது மஞ்சள் சமவெளி, நடுவே நீலப் பட்டையாக ஓர் ஆறு. பிரெய்த்வெய்ட் நம்பிய வரைபடம் அதுதான்.

விதிநூல்களில் நெல்வயலுக்குப் பெரும்பாலும் ஒரே தகுதி: கடினநிலம், வேகம் பாதி. இதை எங்கள் தெருவுக்குத் தெற்கே இருக்கும் ஒரு பெரியவரிடம் சொன்னேன். ஐம்பது வருஷம் பண்ணையில் உழைத்தவர். "எந்த மாசத்துல தம்பி?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்து இந்தப் போர் ஆட்ட இலக்கியம் முழுவதிலும் கேட்கப்படாத கேள்வி அது. "ஐப்பசியில எறங்கினா முழங்கால் போயிடும், குதிர வவுறு வரைக்கும் பூந்துடும். தை கழிஞ்சா கட்டாந்தரை. ரயிலே ஓட்டலாம்." பிப்ரவரி பாதி என்றால் மாசி பிறந்துவிட்டது. மேட்டூர் அணை வந்தது 1934இல். அதற்கு முந்தைய மாசியில் ஆற்றில் மணல் தெரிய ஆரம்பித்திருக்கும், சம்பா அறுவடை முடிந்தோ முடியும் தறுவாயிலோ இருந்திருக்கும். எழுதப்பட்ட பிரதிகள் திப்புவின் வேகத்தையும் கர்னலின் அலட்சியத்தையும் பேசுகின்றன. என் வாசிப்பில் அங்கே குதிரைக்கு வழி விட்டது பஞ்சாங்கம். வடிநிலத்தில் நிலம் என்பது ஓர் இடத்தின் குணம் இல்லை, ஒரு மாசத்தின் குணம். அதையும் தானாக வரும் பருவமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சேறு என்பது உழைப்பு: வாய்க்கால் வெட்டி, கண்ணி திறந்து, கட்டி, வடியவிட்டு, அண்டை வெட்டி, பரம்படித்து ஆட்கள் செய்துவைத்த பண்டம். ஆளை எடுத்துவிட்டு நிலத்தை மட்டும் பலகையில் வைத்தால் அது பொய்யான நிலம். நம் மொழி இதை மறக்கவில்லை. களம் என்றால் சண்டைக்களம், நெல் அடிக்கும் களமும் அதுதான். போர் என்றால் யுத்தம், வைக்கோலை அடுக்கினாலும் போர். 1782 மாசியில் அன்னகுடியைச் சுற்றி இரண்டு பொருளிலும் போர் இருந்திருக்க வேண்டும். இங்கிலீஷ் வரைபடத்தில் ஒன்றுதான் பதிவாகிறது.

கட்டுமலையின் அறுபது படிகளுக்கும் அறுபது தமிழ் வருஷங்களின் பெயர் என்பது எல்லோருக்கும் தெரியும். பிரபவ முதல் அட்சய வரை. அன்னகுடிச் சண்டை நடந்தது பிலவ வருஷத்தில், வரிசையில் முப்பத்தைந்தாவது. பக்தர் கால் வைத்து ஏறும் அந்தப் படி இப்படி ஒரு தகவலையும் சுமந்துகொண்டிருக்கிறது என்பதைவிட, மலை இல்லாத ஊரில் மலையைக் காலத்தால் கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உயரத்தை எண்ணச் சொன்னால் வருஷத்தை எண்ணுகிறார்கள். ஹெல்விக்குக்கு இது தோன்றியிருக்காது.

*

கொலுவுக்கு வருவோம். கொலு என்றால் அரசன் சபையில் வீற்றிருப்பது. விஜயநகரத்து மகாநவமியிலிருந்து தஞ்சை நாயக்க, மராட்டிய அரண்மனைகள் வரை நவராத்திரி அரசின் பண்டிகை. படிகள் தர்பார்: மேலே தெய்வம், அடுத்து மகான்கள், அடுத்து மனிதர், கீழே செட்டியார் கடை. படிநிலையை இவ்வளவு பச்சையாக மரத்தில் செய்து வெள்ளைத் துணி விரித்துக் காட்டும் இன்னொரு சாதனம் நம்மிடம் இல்லை. அந்தச் சிம்மாசனத்துக்கு அடியில் தரையில் கிடக்கும் பார்க், ஆளப்படும் நாடு. பெயரே அது நவீன காலத்து ஒட்டு என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. படியில் இருப்பதெல்லாம் பரம்பரைப் பொம்மை, மரப்பாச்சி, இடம் மாற்றக் கூடாது. பார்க்கில் எதுவும் வரலாம்: ரயில், கிரிக்கெட் மைதானம், மிருகக்காட்சிசாலை, விமான நிலையம். மேலே சாத்திரம், கீழே ஒட்டுவேலை.

இந்த நாட்டில் யார் குடியிருக்கிறார்கள்? எங்கள் ஊரில் எத்தனையோ பார்க் பார்த்திருக்கிறேன். கோயில் உண்டு, தெப்பக்குளம் உண்டு, திண்ணை வைத்த வீடுகளின் தெரு உண்டு. நாற்று நடும் பெண்கள் உண்டு. வரிசையாகக் குனிந்திருக்கும் அந்தப் பொம்மைகளைத் தொகுதியாகவே விற்கிறார்கள். அவர்கள் சாயங்காலம் திரும்பிப் போக ஒரு தெரு கிடையாது. கேதலீன் கஃப் 1951-52இலும் ஆந்த்ரே பெத்தேய் 1961-62இலும் தஞ்சை ஜில்லாக் கிராமங்களில் தங்கி ஆராய்ந்தவர்கள். அவர்கள் எழுத்தில் அக்ரகாரம், குடியானவர் தெரு, தள்ளிச் சேரி என்று ஊர் மூன்றாகவே வருகிறது. அந்த மூன்றாவது துண்டு வீட்டுக் கூடத்துக்குள் வரவில்லை. போர்மேசையில் அது வருகிறது, எப்படி என்றால் ஒரே ஒரு கூரை வீடாக. சில விதிநூல்களில் அந்தக் கூரை வீட்டுக்குத் தனி விதி ஒன்றும் உண்டு: தீப்பிடிக்கும். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் நாற்பத்து நான்கு பேர் ஒரு குடிசைக்குள் எரிந்த ஜில்லாவில் உட்கார்ந்துகொண்டு அந்த விதியை நான் பகடையில் உருட்ட முடியவில்லை.

ஆனாலும் பார்க்கில் ஒரு விஷயம் இருக்கிறது, லூயியிடமும் ரைஸ்விட்ஸிடமும் இல்லாதது. அது முளைக்கிறது. மணலில் கடுகோ வெந்தயமோ கேழ்வரகோ தூவித் தண்ணீர் தெளிப்பார்கள். எங்கள் தெருக்கோடி மாமி, எண்பதைத் தாண்டியவர், இதில் கறார். "மண்ணு காயப்படாதுடா. கார்த்தால ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நாலாம் நாள் தலை காட்டும், சரஸ்வதி பூஜைக்கு வயலாயிடும்." நாளை எண்ணிக்கொண்டே கட்டப்படும் நிலம் அது. முதல் நாள் பொட்டல், ஒன்பதாம் நாள் பச்சை, பிறகு கலைத்து மணலை வாசலில் கொட்டிவிடுவார்கள். தினமும் யாராவது தண்ணீர் தெளிக்காவிட்டால் அங்கே வயலே இல்லை என்பதை மாமி கோட்பாடாகச் சொல்ல மாட்டார், கை சொல்கிறது. சேரியை மறைக்கும் அதே சிறுநிலம் பாசனத்தை மறைக்க முடியாமல் தவிக்கிறது. கட்டுடைப்பு என்று நாம் பெரிதாகப் பேசுவது இங்கே ஒரு சொம்பு தண்ணீரில் நடக்கிறது.

இது பழங்கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். வடிநிலத்தை இன்றும் மேசைமேல் வைத்துத்தான் பங்கு போடுகிறார்கள். எண்ணெய், எரிவாயுத் தொகுதிகள் வரைபடத்தில் கோடு போட்ட கட்டங்கள். ஹெல்விக்கின் கட்டத்தைப் போலவே ஒவ்வொன்றுக்கும் ஒரே குணம். 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது வயலில் வந்து நின்ற ஜனங்களுக்கு அந்தக் கட்டத்தில் இடம் இல்லாததால்தான் போலீஸ் வந்தது. 2020இல் வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அதுவும் ஒரு வரைபடம்தான், கொஞ்சம் நம் பக்கம் சாய்ந்த வரைபடம்.

*

என் மேசைக்கு நான் மூன்று ஜோடி ஓடுகள் செய்துவைத்திருக்கிறேன். ரைஸ்விட்ஸின் ஓடுகளை மாற்றினால் இடம் மாறும்; இவற்றை மாற்றினால் மாசம் மாறும். ஆடிக்குப் பட்டறைக்காரர் கொடுத்த வண்டலையே பூசி, வெடிக்கவிட்டு அப்படியே வைத்தது. ஐப்பசிக்கு மாத்திரை அட்டையின் ஈயத்தாள் மேல் பசை ஊற்றி, துடைப்பத்துப் பூவைப் பச்சைச் சாயத்தில் நனைத்து வரிசை வரிசையாகக் குத்தியது. மாசிக்குத் தென்னைநார் மிதியடிதான். தாள் மட்டும் நிற்கும்படி ஒட்ட நறுக்கினால் அறுத்த வயல். வரப்புகளை விட்டுவிடக் கூடாது என்பதால் தூர அளவைத் தியாகம் செய்தேன்: முழங்கால் உயர வரப்பு ஆறு மில்லிமீட்டர். பீரங்கிக்குத் தீர்ந்த ரீஃபில், சக்கரத்துக்குப் பழைய அலாரம் கடிகாரம். பீர்க்கங்கூட்டைப் பிய்த்து மூங்கில் குத்து, ஈர்க்கில் சுற்றிய காகிதத்தில் தென்னை.

விதியிலும் கை வைக்க வேண்டியிருந்தது. மாசி ஓடு விரித்தால் குதிரைக்கு முழு வேகம், ஐப்பசி என்றால் கால் வேகம். மதகுக்கு அருகில் எந்தப் படை நிற்கிறதோ அது அடுத்த ஆட்டத்தில் ஒரு ஓட்டை மாற்றலாம், ஆனால் வாய்க்காலில் வேலை செய்ய ஆட்கள் மேசையில் மிச்சம் இருந்தால் மட்டும். ஆட்கள் என்று தனியாகப் பெட்டியில் கிடைப்பதில்லை. நாற்று நடும் பெண்கள் அளவு பெரியவர்கள், சிப்பாய்க்குப் பக்கத்தில் ராட்சசிகளாக நிற்பார்கள். சிப்பாயின் துப்பாக்கியை நறுக்கி, தொப்பியைச் சுரண்டி, கையில் ஈர்க்குத் துண்டு கொடுத்துச் செய்துகொண்டிருக்கிறேன். இதுவரை பதினொரு பேர் ஆகியிருக்கிறது.

பெரியவர் வந்து ஒருநாள் குனிந்து பார்த்தார். திப்பு எந்தப் பக்கம், வெள்ளைக்காரன் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. "இத்தனை பேரு மூணு நாளு நிக்கிறானுங்களே, சோறு எங்கேருந்து வந்துது?" என்றார். மாசி ஓட்டில் களம் ஒன்று கட்டியாக வேண்டும். அரைத்த சாணிப்பச்சைச் சாயம் தரைக்கு, வட்டமாக, ஒரு ரூபாய்க் காசுக்கு நாலு மடங்கு அகலத்தில். பக்கத்தில் வைக்கோல்போர் இரண்டு. தெற்கு விளிம்பில், வயலுக்கு அப்பால், மூன்றாவது தெரு: தீப்பெட்டி பன்னிரண்டு சேர்த்துவிட்டேன், கூரைக்குப் பழைய சாக்கைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.